டெஸ்ட் பாஸ் ஆன பழுதையும் விமான ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சொல்ல வேண்டுமா?

வாசகரின் கடிதம், சுருக்கமாக:

விமான நிறுவனம் ஒன்றின் லைன் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்க்கும், லைசென்ஸ் பெற்ற இன்ஜினீயர் எழுதியிருக்கிறார். பெயர், நாடு, நிறுவனம், விமான வகை எல்லாவற்றையும் நீக்கியிருக்கிறோம்.

இரட்டை இன்ஜின் ஜெட் ஒன்றில் கேப்டன் பக்கத்து பிட்டோ குழாயின் (எதிர்க்காற்றின் அழுத்தத்தை வாங்கி வேகமானிக்குத் தரும் குழாய்; அதில் பனி படியாமல் ஹீட்டர் காக்கும்) ஹீட்டர் பழுது என்று பறக்கும்போது எச்சரிக்கை வந்தது. தரையிறங்கியதும் டெக் லாகில், அதாவது விமானத்தின் பழுதுப் பதிவேட்டில், கேப்டன் எழுதியது ஒரே வரி: க்ரூஸில் (உயரத்தில் சீராகப் பறக்கையில்) பிட்டோ ஹீட் மெசேஜ். ஆனால் கிளம்பும் அவசரத்தில் வாய்மொழியாக இன்னொன்றும் சொன்னார். மேகத்துக்குள் சுமார் 40 விநாடி அவர் பக்கத்து வேகமானி குறைத்துக் காட்டியது, ஆட்டோபைலட் தானாகக் கழன்றது. வாசகர் ஹீட்டர் கம்ப்யூட்டரை ரீசெட் செய்து, கருவி தன்னையே சோதித்துக்கொள்ளும் பைட் டெஸ்டை ஓட்டி, ‘பைட் டெஸ்ட் சரி’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். இரண்டு நாள் கழித்து வேறொரு நிலையத்தில் அதே மெசேஜ், அங்கேயும் ரீசெட். மூன்றாவது முறை வந்தபோது மறுபடி இவருடைய ஷிஃப்ட். ‘திரும்ப வரும் பழுது’ கணக்கில் சேர்ந்தால் விமானத்தை நிறுத்த வேண்டிவரும், வார்த்தையை மாற்றி எழுது என்றார் ஷிஃப்ட் இன்சார்ஜ். வாசகரும் அப்படியே எழுதினார், விமானம் கிளம்பியது. அது நடந்து ஆறு நாளாகிறது.

அவர் கேட்பவை: டெஸ்ட் பாஸ் ஆனதை ரிப்போர்ட் செய்ய வேண்டுமா? எம்இஎல் (எந்தப் பழுதோடு பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல்) அனுமதிக்கும் பழுதுதானே? நிறுவனம் சொல்லாவிட்டால் நானே சொல்லலாமா? லைசென்ஸ் போய்விடுமா? பெயர் போடாமல் ஒரு கடிதம் அனுப்பினால் போதாதா? லாக் பக்கங்களை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், அனுப்பலாமா?

பதில்:

உங்கள் கடிதத்தில் நான்கு இடங்களில் லைசென்ஸ் வருகிறது. அந்தக் கவலை புரிகிறது, ஆனால் பதிலில் அதைப் பின்னால் தள்ளுகிறேன். காரணம், அந்த விமானம் இப்போதும் பறந்துகொண்டிருக்கிறது.

இதைப் படித்த கையோடு, நிறுவனத்தின் பராமரிப்பை ஒருங்கிணைக்கும் மெயின்டனன்ஸ் கன்ட்ரோலை அழையுங்கள். அந்தப் பதிவெண் கொண்ட விமானத்தில் ஒரே பழுது மூன்று முறை வந்திருப்பதையும், முதல் முறை வேகக் காட்டி முரண்பட்டு ஆட்டோபைலட் கழன்றதாகக் கேப்டன் சொன்னதையும், அது எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை என்பதையும் சொல்லுங்கள். அழைத்த நேரத்தையும், பேசியவர் யார் என்பதையும் குறித்துவையுங்கள். பிறகு அதையே மின்னஞ்சலில் இரண்டு பத்தியாக அனுப்புங்கள். விமானத்தின் பறக்கும் தகுதிநிலையைக் கவனிக்கும் பிரிவுக்கும் தரப் பிரிவுக்கும் நகல் போகட்டும். பழைய லாக் பக்கத்தைத் தொடாதீர்கள். அதில் ஒரு சொல் சேர்த்தாலும் திருத்தம் என்றுதான் படும். சேர்க்க வேண்டியதை இன்றைய தேதியில், பழைய பக்க எண்களைக் குறிப்பிட்டு, புதிய பதிவாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். தாமதமாக வந்த பதிவு, தாமதம் என்று தெரியும்படியே இருக்கலாம், அதில் தவறில்லை.

தரையில் பாஸ் ஆனது ஏன் போதாது

பல ஜெட் விமானங்களில் பிட்டோ ஹீட்டர் தரையில் குறைந்த சூட்டில்தான் ஓடும். சக்கரம் தரையை விட்டு எழுந்த பிறகே முழுச் சூட்டுக்கு மாறும். ஆக, நீங்கள் செய்த டெஸ்ட், ஹீட்டர் உண்மையில் பாடுபடும் நிலையைச் சோதிக்கவே இல்லை. 35,000 அடியில் வெளியே மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே. ஹீட்டர் முழு மின்னோட்டம் இழுக்கும். உலோகம் சுருங்கி விரியும். அந்த இடத்தில் மட்டும் வாய் திறக்கும் விரிசலோ, ஈரம் கசிந்து தளர்ந்த மின்காப்போ, பச்சை பூத்த கனெக்டர் பின்னோ, கேட்டில் நிற்கும்போது ஒழுங்காக நடந்துகொள்ளும். பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்ததும் வலி நின்றுபோவது மாதிரிதான். ரீசெட் செய்தால் அழிவது கம்ப்யூட்டரின் நினைவிலிருந்த மெசேஜ் மட்டுமே.

விட்டுவிட்டு வரும் ஹீட்டர் பழுதைத் தேடுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அளவுகளை உங்கள் பராமரிப்புக் கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஹீட்டரைக் குளிர்ந்த நிலையில் மின்தடை பாருங்கள், பிறகு காப்புத்தடையைத் தனியாகப் பாருங்கள். மின்தடை சரியாக இருந்தும் காப்பு சரிந்திருக்கும் குழாய்கள் உண்டு; ஈரம் புகுந்ததன் அடையாளம் அது. பிறகு கனெக்டரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். வயரிங்கை அசைத்தபடியே மின்தொடர்ச்சி பாருங்கள். ஹீட்டர் கம்ப்யூட்டரை மாற்றுவது அதற்குப் பிறகுதான். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெட்டியை மாற்றுவது பத்து நிமிட வேலை, வயரைத் தேடுவது அரை ராத்திரி.

வேகம் குறைந்து காட்டியது என்பதால் ஹீட்டரோடு நிறுத்திவிடவும் கூடாது. குழாயின் வடிகால் துளை அடைத்திருக்கிறதா, குழாயிலிருந்து உள்ளே போகும் காற்று லைனில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லைனை ஊதிச் சுத்தம் செய்வதானால் முதலில், காற்றழுத்தத்தை மின் சைகையாக மாற்றும் ஏர் டேட்டா மாட்யூலைக் கழற்றிவிட்டு, உள்ளிருந்து குழாயை நோக்கி ஊத வேண்டும். இல்லாவிட்டால் மாட்யூல் போய்விடும். லைனை எங்கே திறந்தாலும் மூடிய பிறகு லீக் டெஸ்ட் கட்டாயம். இடது பக்கக் கம்ப்யூட்டரை வலதுக்கு மாற்றிப் பார்ப்பது நல்ல உத்தி, ஆனால் இரண்டு சீரியல் எண்களையும் லாகில் எழுதாமல் செய்தால் பழுதை அடுத்த பக்கத்துக்குக் குடிபெயர்த்ததுதான் மிச்சம். ஒரே ஆள் ஒரே ஷிஃப்டில் இரண்டு பக்கக் குழாய்களிலும் கைவைப்பதையும் தவிர்க்க வேண்டும்: இடதில் செய்த பிசகு வலதிலும் நடந்தால், ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான வேகமானி இல்லாமல் போகும்.

கழற்றிய பாகத்தின் டேக்கில் என்ன எழுதுகிறீர்கள் என்பது இன்னொன்று. ‘பழுது’ என்று மட்டும் எழுதினால் பட்டறையில் அறை வெப்பத்தில் சோதிப்பார்கள், பழுதில்லை என்று திருப்பி அனுப்புவார்கள், அது ஸ்டோரிலிருந்து இன்னொரு விமானத்துக்குப் போகும். ‘க்ரூஸில், மேகத்தில், விட்டுவிட்டு வருகிறது, மூன்று முறை, வேக முரண்பாட்டோடு’ என்று எழுதினால் குளிரூட்டிச் சோதிக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

40 விநாடிதானே என்று கேப்டன் நினைத்திருக்கலாம். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-இல் பனிப்படிகம் பிட்டோ குழாய்களை அடைத்து, வேகக் காட்டிகள் தவறாக இருந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம்தான். அதில் ஹீட்டர் பழுது இல்லை. ஆனால் ஆட்டோபைலட் கழன்றது, பைலட்கள் குழம்பினார்கள், 228 பேர் இறந்தார்கள். உங்கள் கேப்டன் சரியாகச் சமாளித்திருக்கிறார். அவர் சமாளித்துவிட்டதாலேயே அது எழுதத் தேவையில்லாத சமாச்சாரம் ஆகிவிடாது.

ஒரே பழுது, மூன்று தலைப்பு

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது அந்த வார்த்தை மாற்றம். டெக் லாகில் எழுதும் ஒவ்வொரு வரியும் ஏடிஏ அத்தியாய எண்ணோடு (விமானத்தின் ஒவ்வொரு அமைப்புக்கும் உள்ள பொது எண்) கணினிக்குப் போகிறது. குழாய் ஹீட்டர் என்றால் 30, ஏர் டேட்டா என்றால் 34, ஆட்டோபைலட் என்றால் 22. அதே பழுதை ஒருவர் ஹீட்டர் என்றும், ஒருவர் வேகமானி என்றும், ஒருவர் ஆட்டோபைலட் என்றும் எழுதினால் கணினிக்கு அவை மூன்று தனித்தனிப் பழுதுகள். திரும்ப வருவதைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு அத்தனையும் இந்த எண்ணை நம்பித்தான் இருக்கிறது. நல்லெண்ணத்தோடு எழுதும்போதே இது நடந்துவிடும். வேண்டுமென்றே செய்தால் சொல்லவே வேண்டாம்.

2014 டிசம்பர் 28 அன்று ஜாவா கடலில் விழுந்த ஏர்ஏஷியா 8501-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ரடர் (வாலில் உள்ள செங்குத்துச் சுக்கான்) அசைவைக் கட்டுப்படுத்தும் கருவியின் எலக்ட்ரானிக் பலகையில் ஒரு சால்டர் இணைப்பு விரிசல் விட்டிருந்தது. அந்த ஓராண்டில் அதே கருவியில் 23 முறை பழுது பதிவாகியிருந்ததாக இந்தோனேசிய விசாரணை அறிக்கை சொல்கிறது. தரையில் ரீசெட், டெஸ்ட் சரி, புறப்பாடு. இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருந்தது. கடைசிப் பயணத்தில் அந்த எச்சரிக்கை நான்காவது முறை வந்த பிறகு, பறக்கும்போதே சர்க்யூட் பிரேக்கர்கள் இழுக்கப்பட்டு ஆட்டோபைலட் கழன்றது. 162 பேர். அந்தப் பழுது மட்டுமே விமானத்தை வீழ்த்தியிருக்காது. ஆனால் தொடக்கம் அது.

லயன் ஏர் 610 உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கம். விபத்துக்கு முந்தைய இரவுப் பயணம் முழுக்க கேப்டன் பக்கத்து ஸ்டிக் ஷேக்கர் (விமானம் தூக்குவிசை இழக்கப்போவதை எச்சரிக்கக் கட்டுப்பாட்டுத் தண்டை அதிரவைப்பது) அதிர்ந்துகொண்டே இருந்தது. விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் ட்ரிம் தானாக ஓடியதால் அதன் சுவிட்சை அணைத்துத்தான் விமானத்தைக் கொண்டு சேர்த்தார்கள். லாகில் எழுதியதோ வேக, உயர முரண்பாடும் ஒரு விளக்கு எரிந்ததும் மட்டுமே. எழுதியதை நம்பி இன்ஜினீயர் லைன்களை ஊதிச் சுத்தம் செய்தார், ஒரு கனெக்டரைத் துடைத்தார், தரையில் டெஸ்ட் பாஸ். உண்மையான கோளாறு, அதற்கு முன் மாற்றப்பட்ட தாக்குகோண சென்சார் (எதிர்க்காற்றுக்கு இறக்கை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளப்பது) சுமார் 21 டிகிரி தவறாக அளவுதிருத்தப்பட்டிருந்தது. மறுநாள் காலை, 2018 அக்டோபர் 29, 189 பேரோடு விமானம் கடலில் விழுந்தது. அந்த இன்ஜினீயருக்குக் கிடைக்காத தகவல் உங்களுக்குக் கேப்டன் வாயால் கிடைத்தது. அடுத்த நிலையத்தில் இருந்தவருக்கு அது போய்ச் சேரவில்லை.

அன்றைய பதிவு எப்படி இருந்திருக்க வேண்டும்? ‘க்ரூஸில், உயரம் இவ்வளவு, மேகத்துக்குள், வெளி வெப்பம் இவ்வளவு. கேப்டன் பிட்டோ ஹீட் மெசேஜ். கேப்டன் வேகமானி மற்ற இரண்டைவிட இத்தனை நாட் குறைவு, சுமார் 40 விநாடி. ஆட்டோபைலட் கழன்றது. தானே சரியானது.’ அவ்வளவுதான். வாயால் சொல்லும் பைலட்டிடம் பேனாவை நீட்டுங்கள். எழுத மறுத்தால், ‘குழுவினர் வாய்மொழியாகத் தெரிவித்தது’ என்று நீங்கள் ஒரு பதிவு திறக்கலாம்.

எம்இஎல் பற்றி

நீங்கள் நினைப்பது பாதி சரி. எம்இஎல் என்பது இன்ன கருவி வேலை செய்யவில்லை என்று உறுதியான பிறகு, எந்த நிபந்தனையில், எத்தனை நாள் பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல். வகை பி என்றால் 3 காலண்டர் நாள், சி என்றால் 10, டி என்றால் 120. பழுது கண்ட நாள் கணக்கில் வராது. வகை ஏ-வுக்கு அந்த வரியிலேயே கெடு எழுதியிருக்கும். ஒரு குழாயின் ஹீட்டர் செத்துவிட்டது என்று தெரிந்தால், பட்டியல் அனுமதிக்கும் விமானத்தில் ஸ்டிக்கர் ஒட்டி, பனி படியும் சூழலைத் தவிர்ப்பது போன்ற நிபந்தனைகளோடு அனுப்பலாம். உங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ் அந்த வழியைக்கூட எடுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. எடுத்திருந்தால் பைலட்களுக்காவது ஹீட்டர் இல்லை என்று தெரிந்திருக்கும். காரணம் தெரியாத வேக முரண்பாட்டுக்கு எம்இஎல் பதில் அல்ல. எம்இஎல் போட்டாலும் ரிப்போர்ட் செய்யும் கடமை அப்படியே நிற்கும். இரண்டும் வேறு வேறு கணக்கு.

யாருக்கு, எப்போது

டெக் லாக் என்பது அந்த விமானத்துக்கான பதிவு. ஆணையம் அதைத் தினமும் திறந்து படிப்பதில்லை. நிகழ்வு அறிக்கை தனி ஆவணம்; தனியாக அனுப்ப வேண்டும். ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் 19-ஆம் இணைப்பு, ஒவ்வொரு நாடும் கட்டாய அறிக்கை முறை ஒன்றும் தன்னார்வ அறிக்கை முறை ஒன்றும் வைத்திருக்க வேண்டும் என்கிறது. கெடுவும் படிவமும் நாட்டுக்கு நாடு மாறும். விமானம் பதிவான நாடு, இயக்கும் நிறுவனத்துக்கு அனுமதி தந்த நாடு, உங்கள் லைசென்ஸ் தந்த நாடு மூன்றும் வேறாக இருக்கலாம். உங்கள் நிறுவனத்தின் பராமரிப்பு விளக்கக் கையேட்டில் நிகழ்வு அறிக்கை என்ற பகுதியில் யாருக்கு எந்தப் படிவம் என்று இருக்கும்.

ஐரோப்பிய விதி 376/2014-இன்படி நிகழ்வை அறிந்த தனிநபர் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நிறுவனத்துக்குத் தெரிந்த நேரத்திலிருந்து, ஆணையத்துக்குச் சொல்ல அதற்கு இன்னொரு 72 மணி நேரம். உண்மையான அபாயம் இருந்தால் முதற்கட்ட ஆய்வு 30 நாளில், இறுதி முடிவு பொதுவாக 3 மாதத்துக்குள். டெக் லாக், எம்இஎல் நடைமுறைகளைக் கடுமையாக மீறுவதும் அங்கே கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. அமெரிக்காவில் பெரிய விமான நிறுவனங்கள் பட்டியலிட்ட பழுதுகளை 96 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கடமை நிறுவனத்தின் மேல். எந்த நாட்டு முறையானாலும் ஒன்றை மனதில் வையுங்கள்: கடிகாரம் ஓடத் தொடங்குவது நிகழ்வு தெரிந்தபோது. காரணம் கண்டுபிடிக்கப்படும் வரை காத்திருந்தேன் என்பது செல்லாது.

ஆறு நாள் கடந்துவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். தாமதத்துக்கான காரணத்தை ஒரு வரியில் சொல்லி அனுப்புங்கள். முதலில் நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவு வழியாக. பெற்றுக்கொண்டதற்கான எண் வாங்குங்கள். அங்கே வேலை நடக்கவில்லை, அல்லது உங்களைத் தடுத்தவர் கையில்தான் அந்த மேசையே இருக்கிறது என்றால், நேராக ஆணையத்துக்கே அனுப்பலாம். அறிக்கையில் உண்மைகள் மட்டும் இருக்கட்டும்: தேதி, பதிவெண், பக்க எண்கள், மெசேஜ், செய்த வேலை, சீரியல் எண்கள், யார் என்ன சொன்னார்கள். இன்சார்ஜின் குணநலன் பற்றிய வரிகளை எழுதிவிட்டு அழித்துவிடுங்கள்.

கேப்டனிடமும் பேசுங்கள். அவருக்கும் தனியாக அறிக்கை கடமை இருக்கிறது. அந்தப் பயணத்தின் தரவை எடுத்துவைக்கச் சொல்லி பாதுகாப்புப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள். விபத்து ரெக்கார்டரில் குறைந்தது 25 மணி நேரப் பறப்புதான் இருக்கும் என்பதால் அதில் இந்நேரம் அழிந்திருக்கலாம். தினசரிக் கண்காணிப்புக்கு இறக்கும் விரைவு ரெக்கார்டர் தரவில் மூன்று வேகமானிகளின் கோடுகளும் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 40 விநாடி என்பது நினைவா, நிஜமா என்பதை அந்தக் கோடு சொல்லிவிடும்.

லைசென்ஸ் போகுமா

நேர்மையான தவறைத் தண்டிக்கக் கூடாது என்ற கொள்கைதான் இந்த அறிக்கை முறைகளின் அடித்தளம். ஐரோப்பிய விதி, அறிக்கை தந்த ஊழியரை அந்த அறிக்கையை வைத்து நிறுவனம் பழிவாங்கக் கூடாது என்கிறது. வேண்டுமென்றே செய்த மீறலுக்கும், வெளிப்படையான அபாயத்தை அப்பட்டமாகப் புறக்கணித்ததற்கும் மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்தும் ரகசிய அறிக்கை முறைக்கு மெக்கானிக்குகளும் எழுதலாம். 10 நாளுக்குள் எழுதினால், தெரியாமல் நடந்த மீறலுக்குத் தண்டனை விலக்கு கிடைக்க வழி உண்டு. அங்கே பழிவாங்கப்பட்ட ஊழியர் தொழிலாளர் துறையிடம் 90 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்ற கெடுவும் இருக்கிறது.

இந்த அளவுகோலில் உங்கள் இரண்டு கையெழுத்துகளையும் வைத்துப் பார்க்கிறேன். முதல் முறை ரீசெட்டைக் கையேடு அனுமதித்திருந்தால் அது வேலை. வாய்மொழித் தகவலை எழுதாமல் விட்டது பிழை. மூன்றாவது பதிவைப் பூசி மெழுக முடியாது. பழுது திரும்ப வருகிறது என்று தெரிந்தே அது தெரியாதபடி எழுதினீர்கள். இன்சார்ஜ் சொன்னார் என்பது சூழ்நிலையை விளக்கும், பொறுப்பை மாற்றாது. விமானத்தை விடுவிக்கும் கையெழுத்து உங்கள் லைசென்ஸ் எண்ணோடு உங்களுடையது. அதனால்தான் நீங்களாகவே, கேட்கப்படும் முன்பே சொல்வது முக்கியம். மற்றவர் கண்டுபிடித்த மறைப்பையும், செய்தவரே திறந்து வைத்த தவறையும் எந்த விசாரணை அதிகாரியும் ஒரே தட்டில் வைக்க மாட்டார். அறிக்கை அனுப்புவதைத் தள்ளிப்போடாதீர்கள்; ஆனால் முறையான விசாரணைக்கு அழைத்தால், போகும் முன் உங்கள் சங்கத்தின் பிரதிநிதியையோ விமானச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரையோ பாருங்கள். கூட ஒருவரை அழைத்துவரும் உரிமை உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

பெயரில்லாக் கடிதமும் போன் படங்களும்

பெயர் போடாத கடிதத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆணையம் திருப்பி ஒரு கேள்வி கேட்க முடியாது. பாதுகாப்பு விதிகளின் பலன் உங்களுக்கு வராது, ஏனென்றால் அறிக்கை தந்தது நீங்கள்தான் என்பதற்கே ஆதாரம் இல்லை. மூன்று பேர் மட்டுமே அறிந்த விஷயத்தில் எழுதியவர் யார் என்பதை உங்கள் இன்சார்ஜ் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஊகித்துவிடுவார். ரகசிய அறிக்கை வேறு: பெறுபவருக்கு மட்டும் பெயர் தெரியும், வெளியே போகும்போது நீக்கப்படும். பிரிட்டனில் 1982 முதல் நடக்கும் சிர்ப் அமைப்பு அப்படிப்பட்டது. ஆனால் இவ்வகை அமைப்புகள் பெரும்பாலும் பொதுப் பாடத்துக்கானவை. இன்றே ஒரு விமானத்தைப் பார்க்க வைக்க வேண்டும் என்றால் பெயரோடு போகும் அறிக்கையே வேகமானது.

படங்களை வாட்ஸ்அப் குழுக்களுக்கோ சமூக ஊடகத்துக்கோ அனுப்பவே அனுப்பாதீர்கள். அறிக்கை தந்ததற்காகப் பாதுகாப்பு உண்டு. நிறுவன ஆவணத்தைப் பொதுவில் போட்டதற்கு அந்தப் பாதுகாப்பு எட்டாது, வேலையிலிருந்து நீக்க அவர்களுக்குச் சாக்கும் கிடைக்கும். அழிக்கவும் வேண்டாம். அறிக்கையில் பக்க எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டாலே போதும். மூலப் பக்கத்தை வரவழைக்கும் அதிகாரம் ஆணையத்துக்கு இருக்கிறது. படம் இருப்பதை ஒரு வரியில் சொல்லுங்கள், அதிகாரி எழுத்தில் கேட்டால் அவர் சொல்லும் முகவரிக்கு மட்டும் கொடுங்கள்.